அப்பாவின் இறுவட்டுகள்: வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் ஒரே தொகுப்பாக வைத்திருப்பது எப்படி?

தொடர்மாடிவாசி எழுதியது:

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் குடியிருக்கிறோம். அப்பா சேர்த்த இறுவட்டுகள் (சி.டி.) ஏறத்தாழ முந்நூறு, கண்ணாடி அலுமாரியில் அடுக்கியபடி இருக்கின்றன. கர்நாடக இசை, பழைய திரைப்பாடல்கள், எழுபதுகளின் பொப்பிசை, யாழ்ப்பாணத்து நாதஸ்வர தவில் கச்சேரிகள் என எல்லாம் கலந்த தொகுப்பு. சில, மாமா ஒருவர் ஆடிவேல் விழாவில் ஒலிநாடாவில் பதிந்து, பிற்காலத்தில் இறுவட்டுக்கு மாற்றிக் கொடுத்தவை. அவை எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டா.

வீட்டில் ஒரு விண்டோஸ் கணினி, தங்கையிடம் ஒரு மேக், அம்மாவிடம் அண்ட்ராய்ட் கைப்பேசி, என்னிடம் ஐபோன். ஓரிடத்தில் ஒரு பாடலைச் சேர்த்தாலோ, பெயர் திருத்தினாலோ மற்ற எல்லாவற்றிலும் அது தானாக வந்துசேர வேண்டும். எங்கள் இணைய இணைப்புக்கு மாதாந்தத் தரவு எல்லை உண்டு என்பதால் முழுவதையும் மேகச் சேமிப்பில் ஏற்றி இறக்குவது கட்டுப்படியாகாது. எந்த வடிவத்தில் மாற்றுவது, எந்தச் செயலியைப் பாவிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செட்டியார்தெரு எழுதியது:

தம்பி, ஒத்திசைவைப் பற்றி, அதாவது எல்லாக் கருவிகளிலும் ஒரே தொகுப்பை வைத்திருப்பதைப் பற்றி, யோசிப்பதற்கு முன்னர் எதை ஒத்திசைக்கப் போகிறீர்கள் என்பதை முடிவுசெய்யுங்கள். முந்நூறு இறுவட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டு எடுப்பது பெரிய வேலை. அதை வாழ்நாளில் ஒரு தடவைதான் செய்ய மனம் வரும். ஆகவே அந்த ஒரு தடவை, எதையும் இழக்காத வடிவத்தில் எடுத்துவிட வேண்டும். என் தெரிவு ஃபிளாக். 2001 இல் வந்தது, உரிமக் கட்டணம் இல்லை, எல்லாக் கணினிகளிலும் பாடும். இறுவட்டில் இருக்கும் ஒலி ஒரு பிட் கூடக் குறையாமல் அப்படியே திரும்பக் கிடைக்கும்.

இடம் போதாது என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் பாருங்கள். இறுவட்டின் ஒலி வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இடம் வலம் என இரண்டு ஒலிவழிகள். அதாவது வினாடிக்கு 1,411 கிலோபிட். ஒரு மணி நேர இறுவட்டு அப்படியே எடுத்தால் 635 மெகாபைட் அளவில் வரும், ஃபிளாக்கில் சுமார் 350. முந்நூறுக்கும் சேர்த்து 105 கிகாபைட் வரையில்தான். இன்று விற்கும் மிகச் சிறிய வெளி வன்தட்டிலும் இது தாராளமாக அடங்கும்.

கைப்பேசிக்கு இதிலிருந்து சிறிய பிரதி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்ளலாம். ஃபிளாக்கிலிருந்து எம்.பி.3 எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். எம்.பி.3 ஆக்கும்போது ஒலியில் ஒரு பகுதி இழக்கப்படும், அதிலிருந்து ஃபிளாக் செய்தால் இழந்தது திரும்பாது.

நீலக்கடல் எழுதியது:

எனக்கு இந்த உழைப்பின் பயன் விளங்கவில்லை. மாதச் சந்தா கட்டினால் கோடிக்கணக்கான பாடல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. வேண்டியவற்றை வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் வெளியில் தரவும் செலவாகாது. பழைய திரைப்பாடல்களில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. அலுமாரியை அப்பாவின் நினைவாக வைத்திருங்கள், பாடல் கேட்பதற்கு சேவைகளைப் பாவியுங்கள்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நீலக்கடல், உங்களுடன் நான் கடுமையாக முரண்படுகிறேன். ஒலிப்பதிவுத் துறையில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆடிவேல் விழாவில் பதிந்த அந்த நாதஸ்வரம் எந்தச் சேவையில் இருக்கிறது? கோயில் திருவிழாப் பதிவுகள், வீட்டுக் கச்சேரிகள், சிறிய நிறுவனங்கள் குறைந்த பிரதிகளில் வெளியிட்ட இறுவட்டுகள் ஆகியவற்றுக்கு உலகில் இருப்பதே சில பிரதிகள்தாம். அவற்றில் ஒன்று அந்த அலுமாரியில் இருந்தால், அதைக் காப்பாற்றுவது அந்த வீட்டாரின் பொறுப்பு. வேறு யாரும் செய்யப்போவதில்லை.

சேவையில் இருக்கும் பாடலும் நிலையானதல்ல. உரிமம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள். பழைய பதிப்பை நீக்கி, ஒலியைக் கூட்டிய புதிய பதிப்பை வைப்பார்கள். 2020 இல் கூகுள் பிளே மியூசிக் மூடப்பட்டபோது, சொந்தத் தொகுப்பை அங்கே ஏற்றி வைத்திருந்தவர்களெல்லாம் அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டி வந்தது.

தொடர்மாடிவாசி, உங்களுக்கு அவசரமான ஒன்று. மாமா பதிந்து கொடுத்த இறுவட்டுகளை முதலில் கணினிக்கு எடுங்கள். இன்றே தொடங்குங்கள். ஆலையில் அச்சிட்ட இறுவட்டில் தரவு பிளாஸ்டிக்கில் பள்ளங்களாகப் பதிந்திருக்கும். வீட்டுக் கணினியில் பதிந்ததில் அது ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் வெப்பமும் ஈரமும் சாயத்தைக் கெடுக்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கண்ணாடி அலுமாரியில், பிற்பகல் வெயில் படக்கூடிய இடத்தில் வைத்திருப்பதை நினைக்கவே எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் மங்கலாக நரம்போடியதுபோல் தெரிந்தால் பூஞ்சணம். அலுமினியப் படலத்தையே தின்னும் பூஞ்சணத்தை 2001 இல் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஓர் இறுவட்டில் கண்டறிந்தார்கள். எல்லாப் பூஞ்சணமும் அவ்வளவு மோசமில்லை. மேற்பரப்பில் மட்டும் இருப்பதை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தடத்தின் வழியே நீளமாக ஓடும், அதைக் கருவியின் பிழைதிருத்தம் ஈடுசெய்வது கடினம். குறுக்குக் கீறலைப் பெரும்பாலும் சமாளித்துவிடும். பெயர் அச்சிட்ட பக்கம்தான் உண்மையில் மென்மையான பக்கம். தரவுப் படலம் அந்த மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அதில் நகம்கூடப் படக்கூடாது.

தொடர்மாடிவாசி எழுதியது:

மிக்க நன்றி அக்கா. அலுமாரியைத் திறந்து மாமா கொடுத்தவற்றைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றிரண்டில் ஓரம் மங்கியிருக்கிறது. எங்கள் கணினி எதிலும் இறுவட்டுச் செலுத்தி இல்லை. யுனிட்டி பிளாசாவில் யு.எஸ்.பி. செலுத்தி வாங்கினால் போதுமா? எந்த மென்பொருளால் எடுப்பது?

சுருதிப்பெட்டி எழுதியது:

போதும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி. இரண்டும் பிழையைக் கண்டறிய வழி வைத்திருக்கின்றன. சாதாரண மென்பொருள் வாசிக்க முடியாத இடத்தை ஊகித்து நிரப்பிவிட்டு நகர்ந்துவிடும், நமக்குத் தெரியவராது. இவை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிடும். ஒலி இறுவட்டு வினாடிக்கு 75 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்த நேரப் புள்ளியில் பிழை என்பதை அறிக்கையில் பார்த்து, அந்த இடத்தைக் காதால் கேட்டுச் சரிபார்க்கலாம். கடையில் வாங்கிய இறுவட்டாக இருந்தால் அக்கியூரேட்ரிப் தரவுத்தளத்தில் மற்றவர்கள் எடுத்த பிரதியுடனும் ஒப்பிடும். மாமாவின் பதிவுகளுக்கு ஒப்பிட எவருடைய பிரதியும் இல்லை. அவற்றை இருமுறை எடுத்து, இரண்டும் ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள்.

மங்கியதை ஒரு செலுத்தி வாசிக்காவிட்டால் இன்னொன்றில் முயலுங்கள். பழைய மேசைக் கணினியில் இருக்கும் செலுத்தி, புதிய மெல்லிய செலுத்தி வாசிக்காததை வாசித்துவிடுவதுண்டு.

மின்சுவடி எழுதியது:

எடுக்கும் வேலை பற்றி அக்கா சொல்லிவிட்டார். நான் கோப்புப் பெயர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்த் தொகுப்புகளில் ஒத்திசைவு குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். நான் பார்த்த ஆங்கில வழிகாட்டிகள் எதுவும் இதைத் தொடுவதில்லை.

முதலாவது, நீளம். விண்டோஸில் கோப்புப் பெயர் 255 எழுத்துக்குறிகள் வரை போகலாம். லினக்ஸிலும் அண்ட்ராய்டின் உள்சேமிப்பிலும் எல்லை 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் தேவை, மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ‘கொழும்பு’ என்ற நான்கெழுத்துச் சொல்லே 24 பைட். ஆக, 85 குறிகளுக்கு மேல் போனால் கணினியில் நன்றாக இருக்கும் கோப்பு அம்மாவின் கைப்பேசிக்குப் போகாது. பாடலின் முதல் வரி, பாடியவர்கள், படம், இசையமைப்பாளர் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதுபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். தட எண்ணும் பாடலின் முதல் இரண்டு மூன்று சொற்களும் போதும். மற்ற விவரங்கள் கோப்புக்குள் உள்ள குறிப்புகளில் இருக்கட்டும். கேள்விக்குறியையும் முக்காற்புள்ளியையும் விண்டோஸ் பெயரில் ஏற்காது, அவற்றையும் தவிருங்கள்.

இரண்டாவது, மேக். ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோட்டில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுடன் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகப் பிரித்து வைக்கலாம். திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. மேக்கின் பழைய கோப்புமுறையான எச்.எஃப்.எஸ்.+ எல்லாவற்றையும் பிரித்தே வைக்கும். அதில் இருந்த தொகுப்பை லினக்ஸ் கணினிக்கோ வீட்டு வலையமைப்பில் இணைத்த சேமிப்புப் பெட்டிக்கோ நேரே நகலெடுத்தால், ஏற்கெனவே அங்கே இருந்த அதே பாடலுக்குப் பக்கத்தில் அதே பெயரில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடும். ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கும் இதே கதி. மற்ற பாடல்களெல்லாம் ஒழுங்காக இருக்க, ஒகர வரிசைப் பாடல்கள் மட்டும் இரட்டித்துத் தெரிந்தால் காரணம் இதுதான். தங்கையின் மேக் புதியதானால் அதன் கோப்புமுறை ஏ.பி.எஃப்.எஸ்., அது கொடுத்தபடியே வைத்திருக்கும். பழைய வெளி வன்தட்டு ஏதும் இருந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும். கருவிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சிங்க்திங் மென்பொருளில் இதைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது, அதை அணைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பாமினி. பழைய எம்.பி.3 கோப்புகளின் குறிப்புகளை நம்மவர்கள் பாமினி எழுத்துருவில் தட்டெழுதியிருப்பார்கள். இன்றைய கருவிகளில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கோவையாகத் தெரியும். அழித்துவிடாதீர்கள், யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளில் ஒட்டினால் தமிழ் வரும்.

தொடர்மாடிவாசி எழுதியது:

இது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. தங்கையின் பழைய வன்தட்டில் சில பாடல்கள் இரட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் ஓகாரப் பெயர்கள்!

பாடல் விவரங்களை எப்படி நிரப்புவது? இறுவட்டைப் போட்டதும் பெயர்கள் தாமாக வரும் என்று நினைத்திருந்தேன். பலவற்றுக்கு ‘தடம் 1, தடம் 2’ என்றுதான் வருகிறது.

சுருதிப்பெட்டி எழுதியது:

பெரும்பாலான ஒலி இறுவட்டுகளில் பெயர்கள் பதிந்திருப்பதில்லை. மென்பொருள், தடங்கள் தொடங்கும் இடங்களை அளந்து, அந்த அளவுகளை இணையத் தரவுத்தளத்தில் தேடுகிறது. யாரோ ஒருவர் முன்னரே தட்டெழுதி வைத்திருந்தால் வரும். முன்பு ஃப்ரீடிபி இருந்தது, அது 2020 இல் மூடப்பட்டது. இப்போது மியூசிக்பிரெய்ன்ஸ் நல்லது. நம்முடைய இறுவட்டுகள் அதில் இல்லையென்றால் நாமே சேர்க்கலாம். உறையில் உள்ளதைப் பார்த்துத் தமிழிலேயே சேர்த்துவிடுங்கள். நாளை மட்டக்களப்பிலோ ரொறன்ரோவிலோ அதே இறுவட்டைப் போடுபவருக்குப் பெயர்கள் வரும்.

குறிப்பு நிரப்பும்போது ஓர் ஒழுங்கை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். திரைப்பட இறுவட்டில் ஒவ்வொரு பாடலுக்கும் பாடகர் வேறு. பாடகர் பெயரை மட்டும் நிரப்பினால் கைப்பேசி ஒரே படத்தை ஏழெட்டு அல்பங்களாகச் சிதறடிக்கும். ‘அல்பக் கலைஞர்’ என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. அதில் இசையமைப்பாளர் பெயரை எல்லாத் தடங்களுக்கும் ஒன்றாக இடுங்கள், சிதறாது. கர்நாடக இசையில் பாடியவரைக் கலைஞராகவும், கிருதியை இயற்றியவரை இயற்றியவராகவும் இடுங்கள். இராகத்தையும் தாளத்தையும் பாடலின் தலைப்பிலேயே சேர்த்துவிடலாம், எந்தக் கருவியிலும் தெரியும். பக்கவாத்தியக்காரர்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாதஸ்வரக் கச்சேரியில் தவில் யார் என்று எழுதாமல் விடுவது எனக்கு மனவருத்தம் தரும் விடயம். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். அவர் வாசித்த பதிவு ஒன்று கையில் இருந்தும் பெயர் எழுதப்படாமல் கிடந்தால், அது யாருடைய தவில் என்று அடுத்த தலைமுறை எப்படி அறியும்? ஆடிவேல் பதிவுகளில் யார் யார் வாசித்தார்கள் என்பதை மாமாவிடமே கேட்டு எழுதுங்கள். அவருக்கு நினைவிருக்கும்போதே கேளுங்கள்.

இன்னொன்று. ராகம் தானம் பல்லவியை இறுவட்டில் மூன்று நான்கு தடங்களாகப் பிரித்திருப்பார்கள். எம்.பி.3 ஆக மாற்றினால் பல கருவிகளில் தடங்களுக்கிடையே ஒரு கணம் ஒலி அறுந்து போகும். தானத்தின் நடுவில் அப்படி அறுவது காதுக்குப் பெரும் கொடுமை. ஃபிளாக்கில் இடைவெளி சேராது.

செட்டியார்தெரு எழுதியது:

இப்போது ஒத்திசைவுக்கு வருவோம். என் பரிந்துரை, மூலப் பிரதி ஒரே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். உங்கள் விண்டோஸ் கணினியில் இருக்கட்டும். சேர்ப்பது, திருத்துவது, அழிப்பது எல்லாம் அங்கே மட்டும். மற்றவை வாங்கிக்கொள்ளும் பிரதிகள். சிங்க்திங்கில் அந்தக் கணினியின் கோப்புறையை ‘அனுப்புவது மட்டும்’ என்றும், மற்றவற்றை ‘பெறுவது மட்டும்’ என்றும் அமைக்கலாம். இருவழியாக விட்டால், கைப்பேசியில் ஒரு செயலி நட்சத்திர மதிப்பீட்டைக் கோப்புக்குள் எழுதும், கணினியில் நீங்கள் இராகப் பெயரைத் திருத்துவீர்கள், இரண்டும் மோதி ஒரே பாடலுக்கு முரண்பட்ட இரு பிரதிகள் வரும்.

சிங்க்திங் கணினிக்குக் கணினி நேரடியாகப் பேசும், நடுவில் எந்த நிறுவனத்தின் சேவையகமும் உங்கள் பாடல்களைச் சேமிப்பதில்லை. ஒரே வைஃபையில் இருக்கும்போது பாடல்கள் வீட்டுக்குள்ளேயே போய்வரும், மாதாந்தத் தரவிலிருந்து அவற்றுக்கு எதுவும் கழியாது. கொழும்பில் நாம் கட்டும் இணையக் கட்டணத்துக்கு இது முக்கியம். குறிப்பு ஒன்றைத் திருத்தினால் முழுக் கோப்பும் மறுபடி போவதில்லை. ஃபிளாக் கோப்பின் தொடக்கத்தில் குறிப்புக்கென்று வெற்றிடம் விடப்பட்டிருக்கும், மாறிய துண்டு மட்டும் போகும்.

அண்ட்ராய்டுக்கான அதன் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. சிங்க்திங்-ஃபோர்க் என்ற கிளைச் செயலி இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

அம்மாவின் கைப்பேசிக்கு 105 கிகாபைட் ஏற்ற வேண்டாம். ஃபூபார்2000 மென்பொருளால் ஃபிளாக் முழுவதையும் ஓபஸ் வடிவத்துக்கு மாற்றி இன்னொரு கோப்புறையில் வையுங்கள். 128 கிலோபிட்டில் முந்நூறு மணி நேரமும் 17 கிகாபைட் அளவில் அடங்கிவிடும். அந்தக் கோப்புறையை மட்டும் கைப்பேசியுடன் இணையுங்கள்.

பின்னிரவு எழுதியது:

அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒவ்வொரு கருவியிலும் பிரதி எதற்கு? ஒரு சிறிய ராஸ்பெரி பை கணினியில் நவிட்ரோம் என்ற சேவையகத்தை நிறுவினால் தொகுப்பு ஓரிடத்தில் இருக்கும். எல்லோரும் அங்கிருந்தே கேட்கலாம். ஐபோனிலும் அண்ட்ராய்டிலும் அதற்கான செயலிகள் நிறைய உண்டு. கேட்கும்போதே சிறிய வடிவத்துக்கு மாற்றி அனுப்பும், ஆகவே இரண்டாவது கோப்புறை தேவையில்லை. ஒத்திசைவு என்ற பிரச்சினையே எழாது.

செட்டியார்தெரு எழுதியது:

பின்னிரவு, 2022 மார்ச் இறுதியை மறந்துவிட்டீர்களா? நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. சேவையகமும் ரவுட்டரும் அணைந்தால் எல்லோருக்கும் பாட்டு நின்றுவிடும். கைப்பேசியில் இருக்கும் கோப்பு இருட்டிலும் பாடும். 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வரைக்கும் நெரிசலில் போகும்போதும் பாடும், ஒரு துளி தரவு செலவாகாது. வெளியிலிருந்து வீட்டுச் சேவையகத்தைக் கேட்டால் இரண்டு பக்கத்துத் தரவும் கரையும்.

பின்னிரவு எழுதியது:

மறக்கவில்லை அண்ணா. அந்தச் செயலிகளிலும் பிடித்த அல்பங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கலாம். ஆனாலும் அம்மாவின் கைப்பேசிக்கு உங்கள் வழியே பொருத்தம், அவருக்குப் பயனர்பெயர், கடவுச்சொல் என்று ஒன்றும் தேவைப்படாது. ஐபோனுக்கு மட்டும் என் வழியைப் பரிந்துரைப்பேன். சிங்க்திங்குக்கு அங்கே அதிகாரபூர்வச் செயலி இல்லை. மோபியஸ் சிங்க் என்று ஒன்று உண்டு, ஆனால் பின்னணியில் நீண்ட நேரம் இயங்க ஐபோன் இத்தகைய செயலிகளை விடுவதில்லை. திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஐபோனின் சொந்த இசைச் செயலியில் ஃபிளாக் பாடாது, ஆப்பிளின் ஏ.எல்.ஏ.சி. வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதிலும் தரம் குறையாது.

மின்சுவடி எழுதியது:

இருவரும் சொல்லாத ஒன்று. ஒத்திசைவு காப்புப் பிரதி ஆகாது. மூலக் கணினியில் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால், அழிப்பும் ஒழுங்காக எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும். சிங்க்திங்கில் பெறும் பக்கத்தில் ‘கோப்புப் பதிப்புகள்’ அமைப்பை இயக்கி வையுங்கள், அழிந்தவை சில காலம் தனியிடத்தில் இருக்கும். அதற்கு மேலாக ஒரு வெளி வன்தட்டில் நகலெடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வையுங்கள். உறவினர் யாராவது உள்நாட்டுப் பக்கம் இருந்தால் நல்லது. கடற்காற்றுப்படாத இடமாகவும் இருக்கும்.

நீலக்கடல் எழுதியது:

சுருதிப்பெட்டி அக்காவின் பதிலை இரண்டு முறை வாசித்தேன். கடையில் கிடைக்காத பதிவுகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. பிரபலமான திரைப்பாடல்களுக்கு இவ்வளவு நேரம் செலவிட வேண்டுமா என்பதில் என் கருத்து மாறவில்லை. எங்கள் வீட்டிலும் தாத்தாவின் பதிவுகள் சில இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனக்கு இறுவட்டுச் செலுத்தியை இரவல் தர யாராவது உண்டா?

சுருதிப்பெட்டி எழுதியது:

உண்டு. தனிச் செய்தி அனுப்புங்கள். பம்பலப்பிட்டிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம்.

தொடர்மாடிவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமாவின் இறுவட்டுகளை இருமுறை எடுத்து ஒப்பிட்டேன், ஒன்றைத் தவிர எல்லாம் பொருந்துகின்றன. அந்த ஒன்றை அலுவலகத்துப் பழைய கணினியில் முயலப் போகிறேன். வாசித்தவர்கள் பெயரை மாமா தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்க்கும் ஒத்துக் குழலை ஊதியவர் யார் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. விண்டோஸ் கணினியில் மூலம், மேக்குக்கு ஃபிளாக், அம்மாவுக்கு ஓபஸ் என்று அமைத்துவிட்டேன். ஐபோனுக்கு நவிட்ரோமை முயல்கிறேன்.

ஒரு சிறு கேள்வி மிச்சம். அம்மாவுக்கு விடியற்காலையில் கேட்கும் பாடல்களின் வரிசை ஒன்று வேண்டும். கணினியில் செய்த பட்டியல் கைப்பேசியில் வெறுமையாகத் தெரிகிறது.

மின்சுவடி எழுதியது:

பட்டியலில் கோப்புகளின் முழு முகவரி எழுதப்பட்டிருக்கும், விண்டோஸின் வன்தட்டு எழுத்தோடு (C: போல) தொடங்கும். கைப்பேசியில் அந்த முகவரி இல்லை. பட்டியலை எம்3யு8 வடிவில், பாடல்கள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே சேமியுங்கள். சார்பு முகவரியாக (பட்டியல் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும் முகவரி), முன்சாய்கோட்டை (/) பாவித்து எழுதச் சொல்லும் தெரிவை மென்பொருளில் தேர்ந்தெடுங்கள். கோப்புப் பெயரின் இறுதியில் ஃபிளாக் (.flac) என்றிருப்பதை ஓபஸ் (.opus) என்று மாற்ற வேண்டும். நோட்பேடில் திறந்து ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றி, யு.டி.எஃப்-8 ஆக ஓபஸ் கோப்புறைக்குள் சேமித்தால் அடுத்த ஒத்திசைவிலேயே அம்மாவின் கைப்பேசிக்குப் போய்விடும்.